சர்வே கல்லைத் தேடி மலையேறுகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

மலையுச்சிகளில் கிடக்கும் பழைய நில அளவைக் குறிகளைத் தேடிப் போகும் பொழுதுபோக்கைப் பற்றிப் போன இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் பாதிப் பேர் பையைக் கட்டிவிட்டார்கள், மீதிப் பேர் இதெல்லாம் ஒரு வேலையா என்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வேலையில் இருந்தவரை, கோணம் அளக்கும் தியோடலைட் கருவியின் முக்காலியைத் தோளில் சுமந்தவள் நான். அதனால் சில கேள்விகளுக்குக் கேட்டதைவிட அதிகமாகவே பேசியிருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜியோகேச்சிங் என்றால் யாரோ ஒளித்துவைத்த டப்பாவைத் தேடுவது என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். அதற்கும் மலைமேல் இருக்கும் சர்வே கல்லுக்கும் என்ன சம்பந்தம்?

டப்பாவில்தான் தொடங்கியது. 2000 மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்களுக்குக் கிடைத்த ஜிபிஎஸ் சிக்னலை அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலங்கலாக வைத்திருந்தது. அந்தத் தடையை எடுத்ததும் ஒரே இரவில் துல்லியம் சுமார் பத்து மடங்கு கூடியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியைக் காட்டில் வைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டு, முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்றார். விளையாட்டு பிறந்துவிட்டது.

ஆனால் ஒரு பொருளை ஓரிடத்தில் பதித்து, அதன் ஆயத்தொலைகளை எழுதிவைத்து, தேடி வருகிறவனுக்கு வழியும் சொல்லும் வேலையை நில அளவைத் துறைகள் அதற்கு இருநூறு வருடம் முன்பே செய்துகொண்டிருந்தன. அமெரிக்காவில் பாறையில் பதித்த உள்ளங்கை அகலப் பித்தளை வில்லைகள், பிரிட்டனில் மலைமேல் நிற்கும் கான்கிரீட் தூண்கள், இந்தியாவில் பாறையில் வெட்டிய வட்டமும் புள்ளியும். ஒளித்துவைத்த டப்பாவை இந்த விளையாட்டில் கேச் என்பார்கள். இவற்றை யாரும் விளையாட்டுக்காக ஒளிக்காத கேச் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் குறிகளின் பட்டியலை ஜியோகேச்சிங் தளமே பல வருடம் தன் பக்கத்தில் வைத்திருந்தது. பிறகு அந்தப் பகுதியை மூடிவிட்டார்கள். குறிகள் எங்கும் போகவில்லை, பட்டியலும் அமெரிக்க தேசியப் புவியளவைத் துறையிடம் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது.

எனக்கு டப்பாவில் ஆர்வம் கிடையாது. உள்ளே ஒரு ஸ்டிக்கரும் மழையில் நனைந்த நோட்டும் இருக்கும். சர்வே குறிக்குப் பின்னால் ஒரு வேலை இருக்கிறது.

ஏன் எல்லாவற்றையும் மலையுச்சியில் கொண்டுபோய் வைத்தார்கள்? கீழே சாலையோரத்தில் வைத்திருந்தால் எல்லோருக்கும் வசதிதானே?

சாலையோரத்திலும் வைத்தார்கள். பெஞ்ச்மார்க் எனப்படுபவை உயரம் அளக்க வைத்த குறிகள். பாலத்தின் கைப்பிடிச்சுவரிலும் ரயில்பாதை ஓரத்திலும் பழைய கட்டடங்களின் அடிச்சுவரிலும் அவற்றைப் பார்க்கலாம். உச்சியில் இருப்பவை முக்கோண அளவீட்டு நிலையங்கள். அது வேறு சாதி.

கணக்கு எளிது. தரையில் ஒரு நேர்கோட்டை மட்டும் சங்கிலி போட்டு மிகக் கவனமாக அளந்துகொள்ள வேண்டும். அதன் இரு முனையிலிருந்தும் தூரத்து மலை ஒன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால் முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கங்களும் பள்ளிக்கூடத்து சைன் விதியில் கிடைத்துவிடும். அந்தப் பக்கத்தை அடிக்கோடாக வைத்து அடுத்த முக்கோணம், அப்புறம் அடுத்தது. நாடு முழுக்க இப்படியே போகலாம், காட்டுக்குள்ளும் ஆற்றின் குறுக்கேயும் சங்கிலி இழுக்க வேண்டியதில்லை. ஒரே நிபந்தனை, ஒரு குறியிலிருந்து அடுத்த குறி கண்ணுக்குத் தெரிய வேண்டும். பூமி உருண்டை என்பதால் 30 கிலோமீட்டர் தள்ளிப் போனாலே தரை நம் பார்வைக் கோட்டுக்குச் சுமார் 70 மீட்டர் கீழே போய்விடுகிறது. மலையேறாமல் என்ன செய்வது?

இந்தியாவில் லாம்டன் என்ற ஆங்கிலேய அளவையாளர் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலையை ஒட்டி முதல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நீளம் ஏழரை மைல், முடிக்க ஆன நாட்கள் 57. அவருடைய பெரிய தியோடலைட் அரை டன் எடை. லண்டனிலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு பிடித்து மொரீஷியஸ் கொண்டுபோய், பிறகு பெருந்தன்மையாகச் சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள். அதே கருவியை 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி வட்டு நெளிந்துபோனது. மனிதர் ஊருக்கு அனுப்பாமல் கூடாரத்தில் உட்கார்ந்து தானே தட்டி நிமிர்த்தினார். சமவெளியில் மலை இல்லாத குறைக்குக் கோபுரம் தேவைப்பட்டது என்பதுதான் இதில் நமக்கு வேண்டிய விஷயம்.

தூரம் எவ்வளவு போகும் என்றும் கேட்பீர்கள். 1878-இல் கலிஃபோர்னியாவின் ஷாஸ்டா சிகரத்திலிருந்து செயின்ட் ஹெலீனா மலை வரை ஒரே கோட்டில் பார்த்திருக்கிறார்கள், 192 மைல். வெறும் கண்ணாடியில் சூரியனைத் திருப்பி அடித்து, அந்தப் பக்கத்து மினுக்கத்தைத் தொலைநோக்கியில் பிடித்தார்கள். காற்று தெளிந்த நேரம் வரும்வரை உச்சியில் கூடாரம் போட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். வானிலை சரியில்லை என்று நாம் அரை மணியில் புலம்பிக்கொண்டு இறங்குகிறோம்.

போனில் ஆயத்தொலையைப் போட்டுச் சரியாக அந்த இடத்தில் போய் நின்றேன். அம்பு பூஜ்யம் மீட்டர் காட்டியது. புல்லைத் தவிர ஒன்றும் இல்லை. குறி அழிந்துவிட்டது என்று பதிவு செய்யலாமா?

செய்யாதீர்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல நினைக்கும் முக்கியமான விஷயமே இதற்கான பதிலில்தான் இருக்கிறது. குறியைப் போன் கண்டுபிடிப்பதில்லை, தாள்தான் கண்டுபிடிக்கிறது.

முதலில் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஒவ்வொரு குறிக்கும் துறை ஒரு தரவுத்தாள் வைத்திருக்கும். அமெரிக்கத் தரவுத்தாளில் ஆயத்தொலைக்குப் பக்கத்தில் அது எப்படிக் கிடைத்தது என்று ஒரு குறிப்பு இருக்கும். கணக்கிட்டுச் சரிசெய்தது என்றிருந்தால் நம்பலாம், சென்டிமீட்டர் சுத்தமாக இருக்கும். வரைபடத்திலிருந்து அளவுகோல் வைத்து எடுத்தது என்றிருந்தால் ஆறு விகலை வரை பிழை இருக்கலாம் (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு விகலை). ஆறு விகலை என்றால் தரையில் 180 மீட்டருக்கு மேல். உயரத்துக்காக வைத்த பெஞ்ச்மார்க் பலவும் இந்த ரகம். அவர்களுக்கு உயரம்தான் வேண்டியிருந்தது, இடம் பற்றி அக்கறை இல்லை. அந்த 180 மீட்டரை வைத்துக்கொண்டு போன் பூஜ்யம் காட்டினால் என்ன, நூறு காட்டினால் என்ன?

இரண்டாவது, பழைய வரைபடத்து எண்களை அப்படியே போனில் அடிப்பது. ஒவ்வொரு நாடும் பூமியின் வடிவத்தைத் தனக்குப் பொருத்தமாக ஒரு நீள்கோளமாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டது. ஜிபிஎஸ் வேறொரு நீள்கோளத்தை வைத்திருக்கிறது. கிரீன்விச் வானாய்வுக்கூடத்தில் தரையில் பதித்திருக்கும் பூஜ்ய தீர்க்கரேகையின் மேல் போனை வைத்தால் பூஜ்யம் காட்டாது, அதற்குக் கிழக்கே 102 மீட்டர் நடக்க வேண்டும். உலகத்துக்கே பூஜ்யமான கோட்டுக்கு இந்தக் கதி என்றால், இந்திய அளவையின் பழைய எண்களும் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. எந்த அடிப்படையில் எடுத்த எண் என்று பார்த்து மாற்றிக்கொண்டு போங்கள்.

மூன்றாவது, போனே திறந்த வானத்தின் கீழ் ஐந்து மீட்டர் அளவுக்குத்தான் துல்லியம். மரத்தடியில் இன்னும் மோசம். ஐந்து மீட்டர் ஆர வட்டத்தில் புல்லுக்கடியில் ஒரு வில்லை என்பது எளிதான தேடல் இல்லை.

இனி தாள். பழைய அளவையாளர்கள் எழுதிய வர்ணனை இருக்கிறதே, அதைப்போல நேர்மையான உரைநடை எனக்குத் தெரிந்து வேறு இல்லை. பாறையின் வடக்கு விளிம்பிலிருந்து இத்தனை அடி, வேலிக் கம்பத்திலிருந்து இத்தனை அடி, தரை மட்டத்துக்கு இத்தனை அங்குலம் கீழே என்று ஒரு சொல்கூட அலங்காரமில்லாமல் இருக்கும். வேலி போயிருக்கும், மரம் விழுந்திருக்கும், பாறை போயிருக்காது. நகராத பொருளிலிருந்து அளக்கத் தொடங்குங்கள்.

அமெரிக்க முக்கோண நிலையங்களில் பிரதான வில்லையின் நடுவே ஒரு சிறு முக்கோணம் இருக்கும். அதைச் சுற்றிச் சில மீட்டர் தூரங்களில் பெரும்பாலும் இரண்டு, மூன்று துணை வில்லைகள் வைத்திருப்பார்கள். அவற்றில் ஒரு அம்பு வெட்டியிருக்கும், அது பிரதான வில்லையைக் காட்டும். ஒவ்வொன்றுக்கும் தூரமும் திசையும் தாளில் உண்டு. அம்பு வில்லை ஒன்று கிடைத்துவிட்டால் போதும், டேப்பை இழுத்தால் வேலை முடிந்தது. பிரதான வில்லையை மட்டுமே தேடிச் சோர்ந்துபோகிறவர்கள்தான் அதிகம், துணைக்குறியைத் தேடுவோம் என்று தோன்றுவதே இல்லை.

இதெல்லாம் செய்தும் கிடைக்கவில்லையா, "தேடினேன், கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள். எவ்வளவு நேரம் தேடினீர்கள், எந்தத் துணைக்குறி கிடைத்தது, எதைக் காணோம் என்பதையும் சேர்த்தால் அடுத்து வருகிறவருக்கு உதவும். அழிந்துவிட்டது என்று சொல்லத் துறையே ஆதாரம் கேட்கும். இன்னொன்று, பல முக்கோண நிலையங்களில் மேல் குறிக்கு நேர்கீழே மண்ணுக்குள் இரண்டாவது குறி ஒன்று புதைத்திருப்பார்கள். மேலே உள்ளது உடைந்தாலும் இடம் தொலையக்கூடாது என்ற முன்யோசனை. இதைச் சொன்னதும் மண்வெட்டியோடு கிளம்பிவிடாதீர்கள். தோண்டுவது துறையின் வேலை.

கல்லின் உயரம் வரைபடத்தில் ஒன்று, போனில் இன்னொன்று. வித்தியாசம் 85 மீட்டர்! எது பொய்?

இரண்டும் உண்மை. வரைபடம் கடல் மட்டத்திலிருந்து சொல்கிறது. ஜிபிஎஸ் அந்த வழுவழுப்பான கணித நீள்கோளத்திலிருந்து சொல்கிறது. பூமியின் ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லாததால் கடல் மட்டம் சில இடங்களில் அந்தக் கோளத்துக்கு மேலேயும் சில இடங்களில் கீழேயும் நிற்கிறது. உலகத்திலேயே மிக ஆழமான பள்ளம் இந்தியாவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது, சுமார் 106 மீட்டர். தென்னிந்தியாவில் 80, 90 மீட்டர் என்ற அளவில் வரும். உங்கள் 85 அதுதான். பிரிட்டனில் இதே வித்தியாசம் எதிர்ப்பக்கம் 50 மீட்டர் அளவில் இருக்கும்.

சில செயலிகள் இதைத் தாமே திருத்திக் காட்டும், சில காட்டாது. உங்களுடையது எந்த ரகம் என்று கடற்கரையில் நின்று ஒருமுறை பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். கடலுக்குள் 90 மீட்டர் ஆழத்தில் நிற்பதாகச் சொன்னால் திருத்தாத ரகம்.

குறி உச்சியிலேயே இல்லை, கொஞ்சம் தள்ளிக் கீழே இருக்கிறது. அளந்தவர்கள் தவறிவிட்டார்களா?

இல்லை. அவர்களுக்குப் பார்வை வேண்டும், பட்டம் வேண்டாம். மற்ற குறிகள் தெரிகிற மேடு எதுவோ, அதுதான் அவர்களுக்கு உச்சி.

என் கணவர் விடுமுறை கிடைத்தால் போதும், எங்கேயோ ஒரு மலை ஏறி, ஒரு கான்கிரீட் தூணைத் தொட்டுப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார். இதில் என்ன சந்தோஷம் என்று நீங்களாவது சொல்லுங்கள்.

தூண் என்பதால் உங்கள் வீட்டுக்காரர் பிரிட்டன் பக்கம் அலைகிறார் என்று ஊகிக்கிறேன். கவலைப்படாதீர்கள், அங்கே இவரைப் போல நிறையப் பேர் உண்டு. ராப் வுடால் என்பவர் 6,190 தூண்களைத் தொட்டு முடித்ததாக 2016-இல் செய்தி வந்தது. உங்களவர் அந்த நிலையை எட்டும்வரை பொறுத்திருக்கலாம்.

தூணுக்கும் ஒரு கதை இருக்கிறது. மார்ட்டின் ஹோட்டின் என்ற ராணுவ அதிகாரி வடிவமைத்தது. முதல் தூண் 1936 ஏப்ரல் 18 அன்று கோல்டு ஆஷ்பி என்ற இடத்தில் பயன்பட்டது. பிறகு 6,500-க்கும் மேல் கட்டினார்கள், அவற்றை வைத்து நாட்டை மறுபடி அளக்கும் வேலை முடிய 1962 ஆனது. நான்கடி உயரம். உச்சியில் மூன்று பள்ளம் வெட்டிய பித்தளை அமைப்பு ஒன்று இருக்கும். தியோடலைட்டின் மூன்று கால்களும் அதில் உட்காரும், யார் எப்போது வந்து வைத்தாலும் கருவி அதே புள்ளிக்கு மேல்தான் நிற்கும். எளிமையான, அழகான யோசனை. முக்காலியை நிலைநிறுத்தக் காற்றோடு சண்டை போட்ட என்னைப் போன்றவர்களுக்குப் பார்த்தாலே பொறாமையாக இருக்கும். பக்கவாட்டில் எண் பொறித்த ஓர் உலோகத் தகடு இருக்கும், உங்கள் கணவர் எடுக்கும் படத்தில் அது தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் அவரை இன்னொரு முறை அனுப்பலாம்.

சந்தோஷம் என்ன என்று கேட்டீர்கள். அடுத்த முறை நீங்களும் போங்கள், தூணைத் தொட வேண்டாம். அங்கே நின்று, அந்த நிலையத்திலிருந்து எந்தெந்த மலைகளைப் பார்த்துக் கோணம் எடுத்தார்கள் என்று விசாரித்து, ஒவ்வொன்றாகக் கண்ணால் தேடிப் பாருங்கள். தூரத்தில் மங்கலாக ஒரு மேடு தெரியும், அதன் மேலும் இப்படி ஒரு தூண் நிற்கும். அதற்கப்புறமும் பிடிக்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், அவரை நான் கண்டிக்கிறேன்.

தனியாகப் போகலாமா? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

போகிறவர்கள் போகிறார்கள். முதல் சில மலைகளுக்கு வேண்டாம் என்பேன். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நேரத்துக்கு நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவும். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 5 கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் இரண்டரை மணி. இது நல்ல பாதையில், திடமான ஆளுக்கு, ஓய்வு சேர்க்காமல். நம் பொழுதுபோக்கில் கடைசி அரை கிலோமீட்டருக்குப் பாதை இருக்காது, உச்சியில் தேடவும் நேரம் வேண்டும். அதனால் நான் அதை இரட்டிப்பாக்கிக்கொள்வேன். இறங்குவதற்கு வெளிச்சம் மிச்சம் இருக்க வேண்டும். திரும்ப வேண்டிய நேரம் என்று ஒன்றைக் கீழேயே முடிவு செய்துவிட்டால், குறி கிடைக்காவிட்டாலும் அந்த நேரத்தில் திரும்புங்கள்.

இடி கேட்டால் தேடலை நிறுத்திவிட்டு இறங்குங்கள். சுற்றுவட்டாரத்தில் உயரமானது அந்த உச்சி, அதன் மேல் உயரமானது நீங்கள். முடி சிலிர்த்தாலோ, உலோகப் பொருள் ரீங்காரமிட்டாலோ ஒரு நொடிகூட நிற்கக் கூடாது.

பையில் தண்ணீர், மழைச்சட்டை, தலையில் கட்டும் விளக்கு, காகித வரைபடம், திசைகாட்டி, முப்பது மீட்டர் டேப், தரவுத்தாளின் அச்சுப் பிரதி. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி வாங்க நினைப்பவர்கள் போகிற நாட்டின் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியா உட்படச் சில நாடுகளில் முன் அனுமதி இல்லாமல் அதை வைத்திருந்தால் போலீஸ் பிடிக்கும். சாதாரண ஜிபிஎஸ் கருவி வேறு, இது வேறு.

நிலம் யாருடையது என்றும் பாருங்கள். வட அமெரிக்க வரைபடங்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் மூலப்புள்ளியாக இருந்த மீட்ஸ் ராஞ்ச் குறியே கன்சாஸில் ஒரு தனியார் நிலத்துக்குள் இருக்கிறது. பட்டியலில் இருக்கிறது என்பதே உள்ளே போக அனுமதி ஆகிவிடாது.

வில்லையில் எழுத்து மங்கியிருந்தது. கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்துச் சுத்தம் செய்து படம் எடுத்தேன். பளபளவென்று வந்திருக்கிறது, அனுப்பியிருக்கிறேன்.

படம் நன்றாக இருக்கிறது. இனிமேல் தேய்க்காதீர்கள். டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்தால் நிழல் விழுந்து எழுத்து தானாக எழும்பும். தண்ணீர் தெளித்துக் கையால் மண்ணைத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அருகிலிருந்து ஒரு படம், குறியோடு சுற்றுப்புறமும் தெரிய இன்னொரு படம். இரண்டாவதுதான் பின்னால் வருகிறவருக்குப் பயன்படும், அதை யாரும் எடுப்பதில்லை.

சர்வே குறிக்குப் பக்கத்தில் நான் ஒரு கேச் வைக்கலாமா?

குறியில் ஒட்டாமல், கட்டாமல், அதைச் சுற்றிக் கற்களைப் புரட்டாமல் வைக்கலாம். நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் தோண்டிப் புதைப்பது ஜியோகேச்சிங் விதிகளுக்கே விரோதம். எனக்குக் கேட்டால் தள்ளி வைக்கச் சொல்வேன். டப்பாவைத் தேடுகிற அவசரத்தில் கற்குவியலைக் கலைத்துவிடுகிறார்கள், அந்தக் குவியலே குறியின் பகுதியாக இருக்கக்கூடும். நார்வேயின் ஹாமர்ஃபெஸ்டிலிருந்து கருங்கடல் வரை ஸ்ட்ரூவ என்ற வானியலாளர் 1816-இலிருந்து 1855 வரை அளந்த முக்கோண வளைவில் குறிகள் பாறையில் துளைத்த ஓட்டை, இரும்புச் சிலுவை, கற்குவியல் என்று பல மாதிரி. பத்து நாடுகளில் 34 இடங்களை 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்திருக்கிறது. அறிவிப்புப் பலகை இல்லாவிட்டால் அதில் சில சாதாரண ஓட்டையாகவும் கல்லாகவும்தான் தெரியும்.

பாறையிலிருந்து கழன்று ஒரு வில்லை சும்மா கிடந்தது. எடுத்து வரவில்லை, ஆனால் மனசு அடித்துக்கொள்கிறது. யாராவது திருடிவிடுவார்களே! மறுபடி போய் எடுத்து வந்து பத்திரமாக வைக்கட்டுமா? அல்லது பசை கொண்டுபோய் ஒட்டிவிடட்டுமா?

இரண்டும் வேண்டாம். எடுத்து வந்தால் அரசு உடைமை உங்கள் வீட்டில் இருக்கும், அமெரிக்க வில்லைகள் பலவற்றில் அபராதத் தொகையையே பொறித்திருப்பார்கள். ஒட்டுவது இன்னும் மோசம். பழைய குழிதானே என்று நீங்கள் ஒட்டுவது இரண்டு சென்டிமீட்டர் விலகினாலும், ஒரு பக்கம் சற்றுத் தூக்கி நின்றாலும், பின்னால் அதை நம்பி அளக்கிறவர் கணக்கு கெடும். இல்லாத குறியைவிட இடம் மாறிய குறி ஆபத்தானது.

கழன்ற வில்லையையும் வெறும் குழியையும் ஒரே படத்தில் வரும்படி எடுத்திருந்தால் நல்லது. வில்லையில் பொறித்த பெயர், வருடம், குழியின் ஆயத்தொலை, பார்த்த தேதி எல்லாவற்றையும் எழுதி அந்த நாட்டின் நில அளவைத் துறைக்கு அனுப்புங்கள். அமெரிக்காவில் இதற்கென்றே இணையத்தில் படிவம் இருக்கிறது, பொதுமக்கள் அனுப்புவதையும் ஏற்கிறார்கள். என்ன செய்வது என்று அவர்கள் சொல்லட்டும், அதுவரை அது அங்கேயே கிடக்கட்டும்.